பசளைக்கு இல்லாத டொலர்

நாம் சிறுவராய் இருந்த காலத்தில் குடாநாட்டுப் பிள்ளைகளுக்குப் போர்விமானங்களின் பெயர்கள் மனப்பாடம். சியாமாசெட்டி, புக்காரா, பின்னர் கிபிர் என்று இரைச்சலைக் கேட்டே சொல்லிவிடுவோம். எதற்குப் பதுங்குகுழிக்குள் பாய்வது, எதற்குச் சற்று நின்று பார்க்கலாம் என்பதும் தெரியும். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்திலும் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, போட்டது யார் என்று கேட்டோம். விற்றது யார் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. சியாமாசெட்டி இத்தாலியில் செய்தது. புக்காரா ஆர்ஜென்ரீனாவில் செய்தது. கிபிர் இஸ்ரேலில்.

இது பழங்கதை என்று நினைப்போருக்கு 2021 ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. சேதனப் பயிர்ச்செய்கை என்று பெயர் சொன்னார்கள். (சேதனப் பசளையைப் பற்றி ஊர் ஊராய்ப் பேசித் திரிந்தவர்கள் நாம். ஒரே இரவில் அதைச் செய்யலாம் என்று ஒருபோதும் சொன்னதில்லை.) பின்னணியில் டொலர் தட்டுப்பாடு இருந்ததை எல்லோரும் அறிவர். செம்மண் தோட்டங்களில் வெங்காயம் வைத்தவர்கள் யூரியாவுக்கு அலைந்தார்கள்.

அடுத்த மாதம், ஜூனில், இஸ்ரேலின் அரச விமானக் கம்பனி ஓர் அறிவித்தல் விட்டது. இலங்கை விமானப்படையின் 5 கிபிர் விமானங்களைப் புதுப்பித்துத் தரம் உயர்த்த 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம்! யுத்தம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள். யாரோடு போரிட? உடன்காசோ தவணையோ, அது டொலரில் கட்டவேண்டிய கணக்கு. பத்து மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தது. வோட்டர் பம்முக்கும் படகுக்கும் மண்ணெண்ணெய் இல்லாமல் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கானோடு வரிசையில் நின்றார்கள்.

ஆயுதம் விற்பவன் ஒருமுறை விற்றுவிட்டுப் போவதில்லை. விமானத்தை வாங்கினால் உதிரிப்பாகம், திருத்தம், பயிற்சி என்று முப்பது வருடத்துக்கு அவனுடைய வாடிக்கையாளர் ஆகிவிடுகிறோம். நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையும் மெல்ல அவன் பக்கம் சாய்கிறது. 1970 இல் இஸ்ரேலுடன் இலங்கை உறவை முறித்தது. 1984 இல் இராணுவ உதவி தேவைப்பட்டபோது கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓர் இஸ்ரேலியப் பிரிவு திறக்கப்பட்டது. 1990 இல் பிரேமதாச அதை மூடினார். உறவே இல்லாத 1996 இல் கிபிர் வந்திறங்கியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதம் முழு இராஜதந்திர உறவு மீண்டும் ஏற்பட்டது.

தரகரின் கதையை அறிய 2006 இன் மிக்-27 கொள்வனவைப் பார்க்கவேண்டும். உக்ரேனிலிருந்து நான்கு பழைய விமானங்கள். 2000 ஆம் ஆண்டில் விமானப்படையே வேண்டாமென்று விட்டவை அவை என்றும், அப்போது வாங்கியவற்றைவிட இவற்றுக்குக் கூடிய விலை கொடுபட்டது என்றும் 2007 இல் கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. பணம் உக்ரேனிய அரச நிறுவனத்துக்குப் போகாமல் இடையில் நின்ற வேறொரு கம்பனிக்குப் போனது என்பதே பின்னைய விசாரணைகளின் மையம். அப்போது ரஷ்யாவுக்கான தூதுவராக இருந்தவர் 2020 பெப்ரவரியில் கைதானார். 2024 டிசெம்பரில் அமெரிக்கா அவருக்கு நுழைவுத்தடை விதித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்து வந்துள்ளார். இதை எழுதியோருள் ஒருவரான ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆம் திகதி வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தென்னிலங்கையில் இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதி உயிர்கொடுத்தவரை எமது மக்கள் போதிய அளவு அறியவில்லை என்பது எமது எண்ணம்.

எமது பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். 1997 இல் அரசாங்கம் சிம்பாப்வேயில் வாங்கிய 32,400 மோட்டார் எறிகணைகள் கொழும்பை எட்டாமல் விடுதலைப் புலிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. வாங்கிய படையினர் மீதே அவை பின்னர் விழுந்தன. ஆயுதச் சந்தைக்குத் தமிழனும் தெரியாது, சிங்களவனும் தெரியாது.

பணக்கார நாடுகளும் இதில் வேறல்ல. ஆயுத உற்பத்தியாளரின் செல்வாக்கு அரசுக்குள் புகுவது பற்றி 1961 ஜனவரியில் பதவி விலகும்போது எச்சரித்த ஐசனோவர், தானே ஒரு படைத்தளபதி. 2006 டிசெம்பரில் பிரித்தானியாவில், பீ.ஏ.ஈ. கம்பனி சவூதிக்கு விமானம் விற்றதில் நடந்த இலஞ்ச விசாரணை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. காரணம் தேசிய பாதுகாப்பு என்றார்கள். அதே சொல்லைத்தான் கொழும்பிலும் சொல்கிறார்கள்.

எமது கிராமச் சங்கமொன்று வோட்டர் பம் ஒன்று வாங்குவதானால் மூன்று கடைகளில் விலையை எழுத்தில் எடுக்கவேண்டும். எதைத் தெரிந்தோம், ஏன் தெரிந்தோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும். ஒரு பற்றுச்சீட்டுக் குறைந்ததற்காகச் செயலாளர் ஒருவர் இரவிரவாய்ப் பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடியதைக் கண்டிருக்கிறோம். ஐந்து கிபிருக்கு எத்தனை பேரிடம் விலை கேட்டார்கள்? இடையில் யார் நின்றார்? வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் செலவு வரும் நாளில் எமது மாவட்ட உறுப்பினர்கள் எழுந்து இதைக் கேட்கட்டும். காணாமற்போனோரையும் காணியையும் பற்றி அன்று பேசுவது நியாயமே. இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும்.

நாமும் கேட்கலாம். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க இடம் கொடுக்கிறது. பொதுநலன் அதைவிடப் பெரிதானால் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மறுத்தால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.