சக்கரம் கழுவ ரப்பர் குழாய் எதற்கு?



சரக்கு வண்டிகளைக் கழுவுவதற்கென்றே நம் கடைவீதியில் தனியாக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டாரும் ரப்பர் குழாயும் வைத்துத் தர வேண்டும் என்று நம் உறுப்பினர்களில் ஒரு சாரார் கேட்டு வருகின்றனர். வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மளிகைச் சாமான் இறக்க வரும் வண்டியின் சக்கரத்தில் சேறும் சாணியும் அப்பிக் கிடந்தால், உள்ளே இருக்கும் அரிசியைப் பற்றி வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? ஆனால் அதற்குக் குழாய் வேண்டாம், இரண்டு வாளித் தண்ணீர் போதும் என்பதே என் வாதம்.

கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 15 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது என்றால், பத்து நிமிடம் திறந்து விட்டால் 150 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. நாலு சக்கரத்துக்கு இவ்வளவா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை அதற்குள் மறந்து விட்டோமா? அந்த ஜூலை மாதம் வந்த முதல் ரயில் 50 வேகன்களில் கொண்டு வந்தது 25 லட்சம் லிட்டர். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவித்தது. அந்த நிலை நமக்கு மறுபடி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? மேட்டுக் கடைக்காரர் குழாயைத் திறந்தால் பள்ளத்துக் கடைக்காரரின் வாசலில்தான் தேங்கும். அடுக்கின் அடியில் இருக்கும் பருப்பு மூட்டை ஈரம் குடித்தது, மேல் மூட்டைகள் விற்றுத் தீரும்வரை தெரியாது. தெரியும்போது அது பூசணம் பிடித்துக் கட்டி தட்டியிருக்கும். அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது?

இனி, வாளித் தண்ணீரில் கழுவும் முறை. வண்டி வந்து நின்றதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிரேக் பிடித்துப் பிடித்து வந்த சக்கரம் கொதித்துக் கிடக்கும். திடீரென்று குளிர்ந்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ள இடமுண்டு. ஆறிய பிறகு, காய்ந்த சேற்றை முதலில் தேங்காய் நாரால் தட்டி உதிர்த்து விட வேண்டும். பாதி அழுக்கு தண்ணீர் இல்லாமலே போய்விடும். இது இரும்பு ரிம்முக்குத்தான். உங்கள் பிள்ளைகள் ஓட்டும் காரில் அலாய் சக்கரம் இருந்தால் நார் கூடாது, கீறல் விழும். மெல்லிய பிரஷ் அல்லது பழைய பனியன் துணி போதும்.

ஒரு வாளியில் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஷாம்புக்கு வேறெங்கும் போக வேண்டாம், நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டே போதுமானது. ஒவ்வொரு சக்கரமாகத் தேய்த்து, சோப்பு காயுமுன் அலசிவிட வேண்டும். அலசுவதற்குச் செடிக்கு ஊற்றும் பூவாளியைப் போல வசதி வேறில்லை. மேலிருந்து ஊற்றினால் அழுக்கு தானாக இறங்கும். பிறகு துணியால் துடைக்கலாம். சக்கரம் துடைத்த துணியை வண்டியின் மேல் பாகத்தில் போடவே கூடாது. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புப் பொடி அதில் ஒட்டியிருக்கும், பெயிண்டைக் கீறிவிடும். கழுவி முடித்ததும் வண்டியைக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை லேசாகப் பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரப் பிரேக் சரியாகப் பிடிக்காது.

சிலர் கறை போக வேண்டும் என்று கக்கூஸ் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது ரிம்மை அரிக்கும், கையையும் புண்ணாக்கும். சலவை சோடா அலுமினியத்துக்கு ஆகாது, மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். டயர் பளபளக்க எண்ணெய் தடவுவதைப் பற்றி என்ன சொல்ல! அது டயரின் அடிப்பாகத்திலோ பிரேக்கிலோ பட்டால் வண்டி நிற்காது. உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் மட்டும் மற்றவர்களைவிட அடிக்கடி கழுவுவது நல்லது, இரும்பு ரிம் துருப்பிடித்துவிடும்.

நான் கைக் கழுவலை வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இன்னொன்று. குழாய் பிடிப்பவர் நாலடி தள்ளி நிற்பார். துணி பிடிப்பவர் சக்கரத்தின் அருகில் உட்கார்ந்தாக வேண்டும். அப்போதுதான் டயரின் பக்கவாட்டில் விழுந்த வெடிப்பும் புடைப்பும், குத்தி நிற்கும் ஆணியும் கண்ணில் படும். வீல் நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு இருந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம், உடனே இறுக்கிப் பார்க்க வேண்டும். டயர் பள்ளத்தின் அடியில் குறுக்காக ஒரு சிறு மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே தீர வேண்டும். ஒரு டன் பாரத்தோடு போகும் வண்டியில் இதையெல்லாம் பார்க்காமல் விட்டால், போவது நம் சரக்கு மட்டுமல்ல, ஓட்டுகிற தம்பியின் உயிரும்தான்.

ஆகவே இந்த வேலையை இரவு கடை கட்டிய பிறகு, களைத்துப் போன டிரைவரின் தலையில் கட்டாதீர்கள். வாரம் ஒரு நாள், வேலை நேரத்திலேயே அரை மணி ஒதுக்கிக் கொடுங்கள். அந்த அரை மணிக்கு ஒரு நடை குறைந்தால் குறையட்டும்.

கிணறு போட ஆகும் செலவுக்கு உறுப்பினர்களிடம் வசூல் செய்யும் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருமானால் நான் எதிர்த்தே பேசுவேன். அதற்குள் ஒரு வாரம் இம்முறையில் கழுவிப் பார்க்குமாறு அனைவரையும் கேட்டுக் கொள்கிறேன். பூவாளி நம் வீதிப் பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கிறது. தகரத்தில் வாங்க வேண்டாம், துருப்பிடிக்கும், பிளாஸ்டிக்கே போதும்.