ருமேனியாவும் ரத்தின சபையும்

அரக்கோணம் லோக்கல்ல ஏறினா பெட்டிக்கு நாலு பேராவது பொது அறிவுப் புத்தகமும் கையுமா உட்கார்ந்திருப்பாங்க. ருமேனியாவின் தலைநகரம்? புக்கரெஸ்ட். நாணயம்? லியு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ்ல பத்துக்குப் பத்து வாங்கின பொண்ணு? நாடியா கொமனேச்சி. மூணு மார்க் ஆச்சு. பரீட்சை முடிஞ்ச மறுநாளே புக்கரெஸ்ட் எந்த நாடு, புடாபெஸ்ட் எந்த நாடுன்னு குழம்பிடும்.

என் கட்சி இதுதான். ஒரு தேசத்தை ஒத்தை வரி விடையா உருப்போட்டா மனசுல நிக்காது. நம்ம ஊர்ல இருந்தே ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டுப் போனா நிக்கும்.

திருவாலங்காட்டையே எடுத்துக்குவோம். ரத்தின சபை, காரைக்கால் அம்மையார் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரோட சோழர் கால நடராசர் வெண்கலச் சிலை ஒண்ணு எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கு. அங்கிருந்த நடராசர்களோட போட்டோக்களைப் பார்த்துட்டு, இந்தியாவுக்கே வராத பிரெஞ்சு சிற்பி ரோடின், 1913 வாக்குல சிவதாண்டவத்தைப் பத்தி உருகி எழுதினார். அவர் செத்து நாலு வருஷம் கழிச்சு, 1921ல அது அச்சுக்கு வந்தது.

அதே ரோடினோட பட்டறையில 1907ல கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்தான் கான்ஸ்டன்டின் பிரான்குசி. ருமேனியக் கிராமத்துக்காரர். பெரிய மரத்தடியில எதுவும் வளராதுன்னு சொல்லிட்டு வெளியேறினார்னு சொல்லுவாங்க. ஆலங்காட்டுக்காரங்களுக்கு இதை விளக்க வேணாம் :-)

இந்தூர் மகாராஜாவுக்கு ஒரு கோயில் கட்டித் தர்றதுக்காக இவர் இந்தியாவுக்கே வந்தார். கோயில் எழும்பவே இல்லை. ஆனா 1938ல தன் நாட்டுல, முதல் உலகப் போர்ல செத்த வீரர்கள் நினைவா, கிட்டத்தட்ட 30 மீட்டர் உயர 'முடிவில்லாத் தூண்' நிறுத்தினார். 2024ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது.

அந்தப் போர் முடிஞ்சப்போதான், 1918ல, ஹங்கேரி வசம் இருந்த டிரான்சில்வேனியா ருமேனியாவோட சேர்ந்தது. ஆமாங்க, டிராகுலா ஊரேதான். அந்தக் கதையை 1897ல எழுதின பிராம் ஸ்டோக்கர் அயர்லாந்துக்காரர், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு நிலத்துக்காக மல்லுக்கட்டின ரெண்டு நாடுகளோட தலைநகரங்கள் புடாபெஸ்ட்டும் புக்கரெஸ்ட்டும். இனிமே குழம்புமா?

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேப்பீங்க. 2022 பிப்ரவரியில உக்ரைன்ல போர் வெடிச்சப்போ, அங்கே மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்த நம்ம பிள்ளைங்க பலர் குளிர்ல எல்லை தாண்டி ருமேனியாவுக்குள்ளதான் போனாங்க. ஆபரேஷன் கங்காவோட முதல் விமானம் கிளம்பினது புக்கரெஸ்ட்ல இருந்து. அன்னைக்கு அது ஒரு மார்க் கேள்வியா இருக்கலை, பெத்தவங்களுக்கு உயிர் போற கேள்வியா இருந்தது.

அதனால வாத்தியார்களே, பட்டியலைக் கொஞ்சம் ஓரமா வைங்க. பிள்ளைங்களை ஒரு தடவை எழும்பூருக்குக் கூட்டிட்டுப் போய் அந்த நடராசர் முன்னாடி நிறுத்துங்க. உலக மேப்பை அங்கே விரிச்சுக்கலாம்.

உங்க ஊர்ல இருந்து எந்த தேசத்துக்கு நூல் போகுது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.