சட்டாம்பிள்ளையா, பிரதிநிதியா?

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவன் என்று ஒரு பிள்ளையை வைக்கிறார்கள். அவனுக்குக் கிடைக்கும் முதல் உத்தியோகம் என்ன? வாத்தியார் வெளியே போகும்போது அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "பேசுகிறவன் பெயரையெல்லாம் போர்டில் எழுது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதுதான் தலைமை! முப்பது பிள்ளைகளின் வாயை அடைக்க முப்பத்தோராவது பிள்ளை. மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே இந்த உத்தியோகத்துக்கு மேஸ்திரி என்று பெயர்.

பிள்ளைகளிடம் தலைமைப் பண்பை வளர்க்க வேண்டும் என்று இப்போது சர்க்காரே பேசுகிறது. 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்ற திட்டம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மாணவத் தலைவர்கள். பெயர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. திட்டத்தையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பல்லடம் வட்டாரத்தில் மில்லுக்கும், விசைத்தறிக்கும், கோழிப் பண்ணைக்கும், தோட்டத்து வேலைக்கும் போகிற பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தலைவனை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன்?

1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்க வழி செய்தது. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளுக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. எத்தனை ஆலைகளில் அந்தக் கமிட்டி உண்மையான கமிட்டியாக இருந்தது? நிர்வாகமே பொறுக்கி எடுத்த ஆட்களை உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்ட கதை நமக்குத் தெரியும். நியமனம் பெற்றவன் நியமித்தவனுக்கு விசுவாசமாக இருப்பான். தேர்ந்தெடுக்கப்பட்டவன்தான் தேர்ந்தெடுத்தவர்களைத் திரும்பிப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் இந்த விதி மாறிவிடுமா?

பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்த பழக்கம். மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை, மணலில் எழுதும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 இல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பையன்களின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி, உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியில் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு மற்றவர்களுக்கு எழுத்துக் கற்பித்துப் பார்த்தார். பலித்தது. 1797 இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது.

ஏன் பரவியது? அங்கே பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நகரங்களில் குவிந்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே வாத்தியாரைக் கொண்டு, குறைந்த செலவில், வரிசையில் நிற்க வைத்துப் பாடம் ஒப்பிக்கச் செய்ய இந்த முறை உதவியது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்குப் போடவும் கூடக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று பெல்லே சந்தேகப்பட்டார். நிலைக்கு மீறிய படிப்பு ஆகாதாம்! திண்ணையில் அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த உறவு, லங்காஷயர் பக்கம் போனதும் சிக்கனமான மேஸ்திரி முறையாக உருமாறிவிட்டது. 1953 இல் ராஜாஜி அரைநாள் படிப்பு, அரைநாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தில் இருந்ததும் இதே புத்திதான். ஜனங்கள் கிளர்ந்தெழுந்ததால் 1954 இல் அது குப்பைக்குப் போனது.

ஆகவே பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிடக் கூடாது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பொறுப்பு என்று பார்க்க வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் கடைசியில், பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை மீது வழக்குப் பதிவாகி அவர் கைதானார். அங்கேயும் பிள்ளைகளுக்குப் 'பொறுப்பு'க் கொடுக்கப்பட்டது என்றே சொல்லலாம் போலிருக்கிறது! விஷயம் வெளியே வந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு பையனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. எங்கேயடா கொசு கடித்தது என்று தாய் விசாரித்தாள். கழிப்பறை கழுவும்போது கடித்தது என்று அவன் சொன்னான். காய்ச்சல் வந்த பிறகு, தாய் கேட்ட பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு வாய் கிடைத்தது. காய்ச்சல் வராத பிள்ளைகள்? கேட்பதற்கு நேரமில்லாமல் இரவு ஷிப்டுக்குப் போகும் தாய்மார்?

அவினாசி வட்டத்துத் திருமலைக்கவுண்டம்பாளையத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2018 ஜூலையில் அரசுப் பள்ளிக்குச் சமையலராக வந்த அருந்ததியப் பெண்மணி அங்கே சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் சிலர் தகராறு செய்தார்கள். அதிகாரிகளும் பணிந்து அவரை மாற்றினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே அந்த உத்தரவு ரத்தாயிற்று. தட்டை வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா?

இந்த வட்டாரத்தில் பண்ணையத்துக்காரர் வீட்டுப் பொடியன், தாத்தா வயதுள்ள பண்ணையாளைப் பெயர் சொல்லி, "வாடா, போடா" என்று அழைத்த காலம் நெடுங்காலம். கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க சாமி" என்பார். யார் உத்தரவு போடலாம், யார் தலை குனிய வேண்டும் என்ற பாடம் வரப்பின் மேலேயே நடந்தது. பள்ளிக்கூடமும் நல்ல சட்டை போட்ட பிள்ளையை, கணீரென்று பேசுகிற பிள்ளையை, ஊரில் மதிப்புள்ள வீட்டுப் பிள்ளையை ஆண்டு முழுவதும் தலைவனாக வைத்தால், அந்தப் பாடத்தைத்தான் சர்க்கார் செலவில் தொடர்ந்து நடத்துகிறது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளை ஐந்து வருஷமும் கை கட்டி உட்கார்ந்து பழகிவிடுகிறது.

"ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் நம் வீடுகளுக்கு வந்து பார்க்கட்டும். அப்பனும் ஆத்தாளும் தறிக்குப் போன வீட்டில் தம்பிக்குச் சோறு போட்டுத் தூங்க வைப்பது யார்? குழாயில் தண்ணீர் வரும்போது குடத்தை வரிசையில் வைப்பது யார்? ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் இங்கே பிழைக்க வந்த குடும்பங்களில், ஆஸ்பத்திரிக்குத் தாயோடு போய் டாக்டர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்வதே இரண்டாம் வகுப்புப் பிள்ளைதான். ஏனெனில் வீட்டில் தமிழ் தெரிந்தது அது மட்டுமே. பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்குப் பொறுப்பு ஏற்கெனவே தலைக்கு மேல் கிடக்கிறது. இல்லாதது பேச்சுரிமை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989 ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது ஷரத்து சொல்கிறது. இந்தியா 1992 இல் அதை ஏற்றது. காகிதத்தில் ஏற்றது.

பள்ளிக்கூடத்தில் அதை எப்படி நடத்துவது? சோவியத் நாட்டு ஆசிரியர் மகரெங்கோவின் அனுபவம் இங்கே பயன்படும். உள்நாட்டு யுத்தத்தால் அனாதையான பையன்களையும், களவில் சிக்கிய பையன்களையும் சேர்த்து, 1920 இல் உக்ரைனில் போல்டாவா நகருக்கு அருகே ஒரு குடியிருப்பை அவர் நடத்தத் தொடங்கினார். பின்னால் அதற்குக் கார்க்கியின் பெயர் வந்தது. அங்கே பையன்கள் அணிகளாகப் பிரிந்து வேலை செய்தார்கள். அணித் தலைவர்களின் சபை நிர்வாகத்தில் பங்கு கொண்டது. அதோடு நின்றிருந்தால் அதுவும் மேஸ்திரி ராஜ்யமாகியிருக்கலாம். ஆனால் அவர் இன்னொன்று செய்தார். உழவு, விறகு, அறுவடை என்று ஒவ்வொரு வேலைக்கும் தற்காலிகக் கலப்பு அணிகள். ஒரு வாரத்துக்கு மேல் அவை நீடிக்கமாட்டா. வேலை முடிந்தால் அதன் தலைவனின் அதிகாரமும் முடிந்தது. நிரந்தர அணியின் தலைவன் இந்தக் கலப்பு அணியில் சாதாரண ஆளாக, இன்னொரு பையனின் கீழ் மண்வெட்டி பிடிப்பான். உத்தரவு போடவும் கற்றான், கேட்கவும் கற்றான். அவர்கள் வளர்ந்த பையன்கள். நம் பிள்ளைகள் சிறுவர்கள். அதனால் அளவு குறையும், தத்துவம் மாறாது.

தொடக்கப்பள்ளியில் வாரம் ஒரு பிள்ளை தலைமை ஏற்கட்டும். ஒருவர் விடாமல், பெண் பிள்ளைகளும், தமிழ் திக்கித் திக்கிப் பேசும் பிள்ளைகளும். போர்டில் பெயர் எழுதுவதும், பிரம்பைத் தூக்கிக்கொண்டு போவதும் அந்த வேலையில் சேராது. (பிரம்பே சட்ட விரோதம், 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவு.) மதியம் வந்த முட்டை எத்தனை, சாப்பிட்ட பிள்ளை எத்தனை என்று எண்ணிச் சுவரில் எழுதட்டும். கழிப்பறையில் தண்ணீர் வந்ததா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எழுதட்டும். வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் வகுப்பு முழுவதும் வட்டமாக உட்கார்ந்து குறை சொல்லட்டும். திங்கட்கிழமை வாத்தியார் அவர்களுக்குப் பதில் சொல்லட்டும். செய்தேன் என்றாவது, செய்ய முடியவில்லை, காரணம் இது என்றாவது! பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் எழுதவே கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பெட்டி போதாது, காது வேண்டும்.

இதனால் வாத்தியார்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் இழுக்கும் பள்ளிகள் உண்டு. பாடத்தை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் ஏற்றுவதே அவர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ஆசிரியரும் உழைப்பாளிதான். அவருக்கே மேலதிகாரியிடம் வாய் திறக்க முடியாத பள்ளியில் பிள்ளைக்கு எங்கிருந்து வாய் வரும்? ஆசிரியர் பணியிடங்களை நிரப்பு என்ற கோரிக்கையும் பிள்ளையின் பேச்சுரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இனி நம் பங்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். 2022 இல் தமிழ்நாட்டில் குழுக்களை அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். 2024 இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். ஆனால் கூட்டம் எப்போது? பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல்! தறியை நிறுத்திவிட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. மில்லில் லீவு கேட்டால் முறைப்பு. வர முடிந்தவர்கள் வந்து முடிவு செய்கிறார்கள். வர முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளை போர்டில் பெயர் எழுதப்பட்டு நிற்கிறது. கூட்டத்தை இரவு ஏழு மணிக்கோ, ஞாயிற்றுக்கிழமையோ வைக்கக் கோர வேண்டும். இன்னொன்று: மத்திய அரசின் 2010 ஆம் ஆண்டு விதிகளில், பெற்றோரல்லாத கால் பங்கு இடங்களில் மூன்றில் ஒன்றை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கோ, அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கோ பெற்றோர் முடிவுப்படி கொடுக்கலாம் என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு! நம் பள்ளிகளில் எத்தனை பெற்றோர் காதில் இந்தச் செய்தி விழுந்தது?

கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் குழந்தைகளுக்கென்று தனிக் கிராம சபை கூட்ட வேண்டும் என்று 2006 லேயே அந்த அரசு ஏற்பாடு செய்தது. இங்கே ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அதில் ஒன்று மே 1. தொழிலாளிக்கு விடுமுறை நாள், பிள்ளைக்கும் விடுமுறை நாள். காலையில் கொடியேற்றியதும் பல்லடம் ஒன்றியத்துத் தோழர்கள் தங்கள் ஊர்ச் சபைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக் கழிப்பறைக்குத் துப்புரவாளர் நியமிக்க வேண்டும், முட்டைக் கணக்கைச் சுவரில் எழுத வேண்டும், மேலாண்மைக் குழுவில் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இருவருக்கு இடம் வேண்டும், குழுக் கூட்டம் ஷிப்டு முடிந்த பிறகு நடக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். முதல் கோரிக்கையை ஒரு பிள்ளையே எழுந்து சொல்லட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும்வரை அங்கேயே இருந்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.