துணைவாக்கியமும் சொல்நேர்மையும்

ஓர் அயல்மொழியைக் கற்பவர் எப்போது அம்மொழியில் சிந்திக்கத் தொடங்குகிறார்? ஆயிரம் சொற்களை நெட்டுருச் செய்தவர் கடையில் விலை கேட்கலாம். தெருவில் வழி கேட்கலாம். ஆயினும், 'மழை பெய்தாலும் செல்வேன்', 'அவர் கூறியது மெய்யா என அறியேன்' என்று ஒரு கருத்துக்குள் மற்றொரு கருத்தை அடக்கிச் சொல்ல இயலாதவரை, அவர் அம்மொழியின் வாயிலிலேயே நிற்கிறார். அவ்வாறு அடங்கி நிற்பதே துணைவாக்கியம். ஆங்கிலம் பேசுவோர்க்கு லித்துவேனியம் கற்பிக்குங்கால், துணைவாக்கியத்தைக் கடைசிப் பாடமாகத் தள்ளிவைத்தல் பிழை என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் காண்போம்.

லித்துவேனியம் பால்டிக் கடற்கரை நாடொன்றின் மொழி. இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் இன்று வழங்கும் மொழிகளுள் பழமைக் கூறுகளை மிகுதியும் காத்து நிற்பது. ரஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை லித்துவேனிய நூல்களை இலத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்தது. கிழக்குப் பிரஷ்யாவில் அச்சான நூல்களை எல்லை கடந்து மறைத்துக் கொணர்ந்தோர் சிறையும் நாடுகடத்தலும் ஏற்றனர். யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ் 1901ஆம் ஆண்டு தில்சித் நகரில் தம் இலக்கண நூலைப் புனைபெயரிலேயே வெளியிட்டார். இவ்வாறு காக்கப்பட்ட மொழியை, அமெரிக்காவிற் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்கவேண்டிய நிலையில் உள்ளனர். தம்ப்ரியூனாஸ், கிளிமாஸ், ஷ்மால்ஸ்டீக் ஆகிய மூவர் எழுதிய பாடநூல் 1966இல் புரூக்ளினில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பாட்டியின் மொழியை மீட்க விழையும் பேரப்பிள்ளைக்கு வேற்றுமை உருபுகள் மட்டும் போதா. பாட்டி சொன்னதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லவும் தெரியவேண்டும்.

முதல் இடர்ப்பாடு காலத்தில் எழுகிறது. நோயுற்ற ஒருவர் தம் நிலையைக் கூறினார் எனக் கொள்வோம். அதனைப் பின்னர் எடுத்துரைக்கும் ஆங்கிலேயர், 'கூறினார்' என்னும் இறந்தகாலத்துக்கு இயைய, நோயையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிடுவார். லித்துவேனியர் அவ்வாறு செய்யார். 'யிஸ் சாகே, கத் செர்கா' என்பார். 'சாகே' என்பது கூறினார். 'கத்' என்பது நம் 'என்று' போன்ற இணைப்புச் சொல். 'செர்கா' என்பது நோயுற்றிருக்கிறார் என்னும் நிகழ்காலம். ஆங்கிலப் பழக்கத்தால் 'சிர்கோ' என இறந்தகாலத்திற் கூறின், அவர் முன்பே நோயுற்றிருந்தார் எனப் பொருள் திரிந்துவிடும்.

இரண்டாவது இடர்ப்பாடு விருப்பத்தைச் சொல்லும் இடத்தில் நேர்கிறது. 'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதை ஆங்கிலேயர் துணைவாக்கியமின்றி, 'உன்னை வர விரும்புகிறேன்' என்னும் அமைப்பில் சொல்வர். லித்துவேனியத்தில் அது செல்லாது. 'நோரியு, கத் து அதெய்தும்' எனல் வேண்டும். இதில் 'அதெய்தும்' என்பது நிகழாத ஒன்றை எண்ணிக் கூறும் வினைவடிவம். ஆங்கிலத்தில் இணைப்புச் சொல்லைப் பலவிடத்து விட்டுவிடலாம். இங்கே அதனையும் அதற்கு முன் வரும் காற்புள்ளியையும் விடலாகாது.

மூன்றாவது, 'குரிஸ்' என்னும் சொல். முன்னே நிற்கும் பெயரைச் சுட்டித் துணைவாக்கியத்தைத் தொடங்கும் இச்சொல், பாலையும் எண்ணையும் அப்பெயரிடமிருந்து பெறும். வேற்றுமையையோ தன் வாக்கியத்தில் தான் ஆற்றும் தொழிலுக்கேற்ப ஏற்கும். 'நான் வாழும் வீடு' என்பது 'நாமஸ், குரியமே கிவெனு' என வரும். 'குரியமே' என்பதிலேயே 'அதில்' என்னும் இடப்பொருள் அடங்கியுள்ளது. 'ஏழு வேற்றுமைகளையும் முற்றக் கற்ற பின்னரே இது' என்பர் சிலர். இச்சொல்லின் வாயிலாகவே வேற்றுமைகளின் பயன் விளங்கும் என்பேன் யான்.

தமிழ் மாணவர்க்கு வியப்பூட்டுவது எச்சங்களின் அமைப்பு. ஒருவன் நடந்துசெல்கையில் தானே மற்றொன்றையும் செய்தால், 'எய்தமஸ்' என்னும் வடிவம் வரும், பெண்ணாயின் 'எய்தமா'. வினைமுதல் வேறாயின் வடிவமும் வேறு. 'ஞாயிறு எழ' என்பது 'சவுலெய் தேகந்த்' ஆகும். ஞாயிறு என்னும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கும். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும். 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் பிற வினைமுதலையும் ஏற்கும் என்னும் நம் இலக்கண நெறியை இது நினைவூட்டுகிறதன்றோ! இந்நெறி பயின்ற நம் மாணவர்க்கு எளிதாகும் இது, ஆங்கிலேயர்க்குப் புதிதாகத் தோன்றுகிறது.

இவை அனைத்தினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது மற்றொன்று. 'அவர் ஆசிரியர்' என்று தாமே அறிந்து கூறுவதும், 'அவர் ஆசிரியராம்' என்று கேட்டதைக் கூறுவதும் வேறு. நாம் 'ஆம்' என்னும் ஓரசையால் காட்டும் இவ்வேறுபாட்டை லித்துவேனியர் 'எஸாஸ்' போன்ற எச்ச வடிவங்களால் காட்டுவர். நாட்டார் கதைகளில் இது பெருவழக்கு. கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்தல் இலக்கண நுட்பம் மட்டுமன்று, அறமும் ஆகும். ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்களின் மரபில் வந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

எனவே, ஆசிரியப் பெருமக்கள் முதல் மாதத்திலேயே 'கத்' என்னும் சொல்லை மாணவர் நாவில் ஏற்றுதல் வேண்டும். ஒருவர் கூற, அடுத்தவர் அதனை மூன்றாமவர்க்கு எடுத்துரைக்கும் பயிற்சி நாள்தோறும் நிகழவேண்டும். பிழைகள் நேரும், நேரட்டும். குற்றமற்ற சிறுவாக்கியங்களைக் கோத்துக்கொண்டிருப்பவரைவிட, தடுமாறியேனும் பிறர் கருத்தை அவர் கூறிய காலத்திலேயே எடுத்துரைக்க முயல்பவரே மொழியை மெய்யாகக் கற்கிறார். பிறர் சொல்லைத் திரியாமல் சொல்லும் பயிற்சி எம்மொழியிற் பெறினும் நன்றே. நம் வகுப்பறைகளிலும் அது தழைப்பதாக!