கேஸ் ஷீட்டும் காலனித் தெருவும்

ஆஸ்பத்திரியில் சாதி கிடையாது, அங்கே எல்லா ரத்தமும் சிவப்புதான் என்றொரு பேச்சு ரொம்ப காலமாக நம்மிடையே புழங்கி வருகிறது. முற்போக்கு மேடைகளில் இதைக் கேட்டு நாமும் கைதட்டியிருக்கிறோம். ரத்தத்தின் நிறம் பற்றி எனக்கு மறுப்பில்லை. அந்த ரத்தத்தை எடுக்கிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, சிந்தியதைத் துடைக்கிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதே கேள்வி. சந்தேகம் இருப்பவர்கள் ஒருநாள் பிணவறை வாசலில் போய் நின்று, அறுத்துத் தைக்கிறவரிடம் எந்த ஊரு அண்ணே என்று கேட்டுப் பார்க்கலாம்.

என் அக்கா மகள் பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தாள். மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவில் தொடங்கி வைத்த படிப்பு இது. டாக்டருக்கு அடுத்து நின்று ஹிஸ்டரி எடுப்பது, பரிசோதிப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, தியேட்டரில் கூட நிற்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயார் பண்ணுவது எல்லாம் இவர்கள் வேலை. 1200க்கு 1176 எடுத்த அனிதாவுக்கே 2017இல் எம்.பி.பி.எஸ். கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு வெள்ளைக்கோட்டு ஆசை விடாத நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட படிப்புகளில்தான் வந்து ஒதுங்குகிறார்கள். இவளும் அப்படித்தான். சேர்ந்தது ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம்.

பயிற்சியில் வார்டு மாற்றி வார்டு போடுவார்கள். மெடிசின், சர்ஜரி, ஐசியு, தியேட்டர். சர்ஜரி வார்டில் மூன்றாம் நாள் ஒரு ஊர்ப் பெரியவருக்கு டிரெஸ்ஸிங் மாற்றப் போயிருக்கிறாள். அவர் ஊரைக் கேட்டார். சொன்னாள். ஊர்ல எந்தப் பக்கம்மா என்றார். அதையும் சொன்னாள். கையை இழுத்துக்கொண்டு, "வேற பொண்ண வரச்சொல்லு" என்றார். யூனிட் சீஃப் காதுக்கு விஷயம் போனது. அவர் கோபப்படவில்லை, விசாரிக்கவில்லை. 'பேஷண்ட் கம்ஃபர்ட்' என்று இரண்டு வார்த்தை சொல்லி வேறொரு மாணவியை அனுப்பினார். கேஸ் ஷீட்டில் எந்த மருந்து ஒவ்வாது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. இந்த ஒவ்வாமையை எழுத இடமில்லை. அதற்குப் பிறகு அந்த யூனிட்டில் சீழ், மலம், மூத்திரப்பை என்றால் இவளைக் கூப்பிடுவார்கள். தியேட்டருக்குள் நிற்க வேண்டிய நாளில் பட்டியலில் இவள் பேர் இருக்காது. யாரும் சாதிப்பேர் சொல்லித் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்பாள்.

மெடிசின் வார்டு கதை வேறு. நாற்பது வயசு ஆள் ஒருவர், காய்ச்சல், கண்ணெல்லாம் சிவப்பு, பிறகு மஞ்சள், கெண்டைக்காலைத் தொட்டால் அலறுகிறார். தொழில் என்ன என்று பி.ஜி. டாக்டர் கேட்டதற்கு "கூலி" என்றிருக்கிறார். ஷீட்டில் கூலி என்றே ஏறிவிட்டது. சாயங்காலம் இவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மாமா எந்தத் தெரு, வீட்ல யாரு யாரு என்று பேசியிருக்கிறாள். தன் தெருவையும் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார்: "குழி எறங்குறதும்மா." போன வாரம்கூட ஒரு கல்யாண மண்டபத்துச் சாக்கடை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்குகிறவருக்கு வரும் லெப்டோஸ்பைரோசிஸ். தொழில் தெரியாமல் வெறும் மஞ்சள் காமாலை என்று இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கிட்னி போயிருக்கலாம்.

ஏன் கூலி என்று சொன்னார்? 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்த வேலையைச் செய்யச் சொல்வது குற்றம். குழியில் செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம் 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. ஆனால் உயிரோடு கட்டிலில் கிடப்பவனுக்கு அந்தத் தொழிலின் பேரை ஒரு டாக்டர் முன்னால் சொல்ல நா எழவில்லை. சொன்னால் தொடமாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயம் ஆதாரமில்லாத பயம் என்று, சர்ஜரி வார்டைப் பார்த்தபிறகு, யார் சொல்ல முடியும்?

மறுநாள் ரவுண்ட்ஸில் பி.ஜி. அந்த ஹிஸ்டரியைச் சொன்னார். சீஃப் பி.ஜி.யைப் பாராட்டினார். இவளுடைய லாக்புக்கில் 'உடனிருந்தார்' என்று கையெழுத்து விழுந்தது.

இதைக் கேட்டதும் எனக்குள்ளிருந்த கவிஞன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். அவளுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. "மாமா, கவிதை எல்லாம் வேணாம். ஸ்டைபண்டு பத்தி எழுதுங்க" என்றாள். அவள் சொன்னது சரி. சேரிப்பிள்ளைக்குத்தான் சேரியின் வலி தெரியும் என்று உருகுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க ஒரு மாணவி தன் தெருவைச் சொல்லியாக வேண்டும் என்பது பெருமையா என்ன? அதே தெருப்பேர் சர்ஜரி வார்டில் அவளை என்ன பாடு படுத்தியது? தொழிலை மரியாதையாகக் கேட்கத் தெரியாதவருக்கு எம்.டி. பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்றல்லவா நாம் கேட்க வேண்டும்.

ஸ்டைபண்டுக்கு வருகிறேன். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் நிற்பவருக்கு மாதாமாதம் பணம் உண்டு. அதே வார்டில் ராத்திரி முழுக்க நின்ற இவளுக்கு அந்தத் தனியார் கல்லூரி ஒரு பைசா தரவில்லை. பயிற்சி வருஷத்துக்கும் கட்டணம் வாங்கியது. நான் வங்கிக் குமாஸ்தா, கல்விக்கடன் கோப்புகள் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. நாலு லட்சம் வரை ஜாமீன் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டினால் போதும் என்பதும் உண்மை. ஆனால் வட்டி அந்த ஒரு வருஷம் சும்மா இருப்பதில்லை. கூலியில்லாத வேலை, ஓடுகிற வட்டி. இதற்குப் பண்ணையாள் முறை என்று பேர் இருந்தது. இப்போது இன்டர்ன்ஷிப்.

மருத்துவப் படிப்பில் சாதி என்பது நம்முடைய மனப்பிரமை இல்லை. தில்லி எய்ம்ஸை விசாரித்த சுகதேவ் தோரட் குழு, வாய்மொழித் தேர்விலும் விடுதியிலும் தலித், ஆதிவாசி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை 2007லேயே எழுதிக் கொடுத்தது. 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி தற்கொலை செய்துகொண்டார். உடன் வேலை பார்த்த மூன்று மூத்த மருத்துவர்கள் கைதானார்கள். அந்த வருஷமே அவருடைய தாயாரும் ரோஹித் வெமுலாவின் தாயாரும் சேர்ந்து உச்சநீதிமன்றம் போனார்கள். 2012இல் யுஜிசி போட்ட சமத்துவ விதிகள் காகிதத்தில் தூங்குகின்றன என்பது அவர்கள் வழக்கு. பிசிஷியன் அசிஸ்டென்ட் மாதிரியான படிப்புகளுக்கோ 2021இல்தான் மத்தியச் சட்டமே வந்தது. அதுவரை இவர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு கவுன்சில்கூட இல்லை.

இயக்கத் தோழர்கள் மருத்துவக் கல்லூரி என்றால் சீட்டு, இடஒதுக்கீடு என்பதோடு நின்றுவிடுகிறோம். உள்ளே போன பிள்ளை வார்டில் என்ன ஆகிறது என்று பார்க்க நம்மிடம் ஆள் இல்லை. பயிற்சிக்கால உதவித்தொகை, வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவது, நோயாளி சாதி பார்த்து மறுத்தால் அதை எழுத்தில் பதிவது என்ற மூன்றுக்கும் உடனே மனுப் போடலாம். அதற்குக் காசு செலவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று. லாக்புக்குக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். தேதி, வார்டு, யார் என்ன சொன்னார், உங்களுக்குப் பதிலாக யார் அனுப்பப்பட்டார் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். சாதிசொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று நாம் போனால், 1989 வன்கொடுமைச் சட்டப்படி முதலில் வரும் கேள்வி, பொதுப்பார்வையில் நடந்ததா என்பதுதான். பதினாறு கட்டில் போட்ட வார்டு அது. பக்கத்துக் கட்டில்காரர்களின் பேரையும் ஊரையும் அவர்கள் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.