கடைசி வீரனின் சுற்றுக் கணக்கு

ஓட்டப் போட்டியிலே ஓடுகிறவனுக்கு ஒரு வேலைதான். அவனுடைய சுற்றுக்களை எண்ணுகிறவருக்கோ பல வேலைகள். ஓடுகிறவனைக் காண ஊரே திரளும். எண்ணுகிறவரை ஒருவரும் ஏறெடுத்துப் பாரார். ஆயினும் போட்டியின் நியாயம் பெரும்பாலும் அவர் கையிலுள்ள காகிதத்திலேயே தங்கியிருக்கிறது. அக்காகிதத்தைப் பற்றியும், இன்று அதன் இடத்தைப் பிடித்துவரும் கணினிச் செயலிகளைப் பற்றியும் இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

வாழைச்சேனைப் பகுதிப் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் சிரமம் தெரியும். 100 மீற்றர் ஓட்டத்திற்கு எண்ணிக்கை வேண்டியதில்லை. 5000 மீற்றர் என்றால், முறையான 400 மீற்றர்த் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்றுக்கள். இடவசதியின்றி 200 மீற்றர் வட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாலோ 25 சுற்றுக்கள். மைதானம் சிறுக எண்ணிக்கை பெருகும். எண்ணிக்கை பெருகத் தவறும் பெருகும். விரைந்து ஓடுகிறவன் மெல்ல ஓடுகிறவனை ஒரு முழுச் சுற்றால் முந்திவிட்டால், இருவரும் அருகருகே ஓடுவதாகவே கண்ணுக்குத் தோன்றும். யார் முதல்வன், யார் கடையன் என்பதைக் கண்ணால் அறிய முடியாது. கணக்கால் மாத்திரமே அறியலாம்.

இதற்கு நம் நாட்டவர் ஒருவரே உலகறிந்த உதாரணமாக விளங்குகிறார். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் தேதி டோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே 10,000 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. மொத்தம் 25 சுற்றுக்கள். இறுதிச் சுற்றிலே முன்னணியில் நின்ற மூவரும், சுற்றுக்கணக்கில் பின்தங்கியவர்களை இடமும் வலமுமாக விலக்கிக்கொண்டே ஓடவேண்டியிருந்தது. அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். துனீசியாவின் கமூதி இரண்டாமிடத்தையும், அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் மூன்றாமிடத்தையும் பெற்றனர்.

மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக ஓடி முடித்தனர். ஆனால், 67ஆம் இலக்கம் அணிந்த ஒருவர் மட்டும் நிற்கவில்லை. அவர்தாம் அந்நாளில் சிலோன் என வழங்கிய நம் நாட்டின் வீரர் றணதுங்க கருணானந்த. அவருக்கு இன்னும் சில சுற்றுக்கள் மீதமிருந்தன. அவர் தன்னந்தனியராக ஓடுவதைக் கண்டு முதலில் நகைத்தவர்கள் பின்பு மௌனமாயினர். அதன்பின் அரங்கமே எழுந்து கரகோஷம் செய்தது. வெற்றியாளர் முடித்து ஏறக்குறைய 6 நிமிடங்களின் பின்னரே அவர் முடிவுக்கோட்டைக் கடந்தார். அவ்வரலாறு பிற்காலத்தில் ஜப்பானியப் பாடசாலைப் பாடநூலிலும் இடம்பெற்றது.

கருணானந்தவின் மனவுறுதியை எல்லோரும் போற்றுகிறோம். அவருக்காக எண்ணிக்கொண்டிருந்தவரை யார் நினைக்கிறார்கள்? முதல் மூவரும் முடித்தவுடன் காகிதத்தை மடித்துவைத்திருந்தால், அவ்வீரரின் கடைசிச் சுற்றுக்களுக்குச் சாட்சி ஏது?

இன்று இவ்வேலையைக் கணினியும் கைப்பேசியும் செய்கின்றன. பெரிய போட்டிகளில் வீரனுடைய சப்பாத்திலோ இலக்கத் துணியிலோ சிறு மின்னணுத் தகடொன்றைப் பொருத்துவர். முடிவுக்கோட்டில் விரித்துள்ள விரிப்பு வானொலி அலைகளை அனுப்பும். தகடு அவ்வலைகளிலிருந்தே சக்தியைப் பெற்றுத் தன் இலக்கத்தை விடையாகத் திருப்பியனுப்பும். செயலி அவ்விலக்கத்தையும் நேரத்தையும் பதிந்து, முந்திய நேரத்தைக் கழித்து, அந்தச் சுற்றுக்கு எடுத்த நேரத்தைக் காட்டும். அத்துணைப் பணச் செலவு இயலாத ஊர்ப் போட்டிகளுக்கும் வழியுண்டு. வீரன் கோட்டைக் கடக்குந்தோறும் கைப்பேசித் திரையில் அவனது இலக்கத்தைத் தொட்டால், மிகுதிக் கணக்கைச் செயலி பார்த்துக்கொள்ளும்.

ஆனால், கருவியும் தவறும். கோட்டருகே ஒருவன் தயங்கி நின்றால் ஒரே கடப்பை இருமுறை பதியும். ஆகவே, மனிதனால் இயலாத குறுகிய நேரத்தில் வரும் பதிவைத் தள்ளிவிடுமாறு செயலிக்குக் கட்டளையிட வேண்டும. பத்துப்பேர் ஒன்றாய்த் திரண்டு வந்தால் ஒருவன் விடுபட்டுப் போகவுங் கூடும். அப்பொழுது ஒரு சுற்றின் நேரம் ஏறக்குறைய இருமடங்காகத் தெரியும். அது களைப்போ, விடுபட்ட பதிவோ என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவரே சொல்ல முடியும். எனவே, செயலி வந்த பின்னும் காகிதமும் பென்சிலும் ஒரு மாணவன் கையில் இருத்தல் நலம்.

இன்னுமொன்று இருக்கிறது, அதுவே முக்கியமானது. போட்டி எப்பொழுது முடிகிறது என்று செயலிக்கு நாமே சொல்ல வேண்டும். மோட்டார் ஓட்டங்களில் முதல்வன் கொடியைக் கடந்ததும், பின்தங்கியோரும் அடுத்த முறை கோட்டைக் கடக்கையில் நிறுத்திவிடுவர். அவர்கள் குறைந்த சுற்றுக்களோடு தரப்படுத்தப்படுவர். தடகள ஓட்டத்திலோ ஒவ்வொருவனும் தன் முழுத் தூரத்தையும் ஓடி முடிக்க வேண்டும். முன்னைய விதியைத் தவறுதலாகத் தெரிவுசெய்து விட்டால், மெல்ல ஓடும் பிள்ளையின் கணக்கை அக்கருவி பாதியிலே மூடிவிடும். கருவிக்குக் கருணையுமில்லை, வஞ்சகமுமில்லை. அதற்கு எதைச் சொல்கிறோமோ அதையே அது செய்யும்.

நம் ஊர்களில் மூன்றாம் பரிசு தீர்மானமானவுடன், “போதும் தம்பி, நில்” என்று கடைசிப் பிள்ளையை அழைத்துவிடும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாயிற்று என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பிள்ளைக்கோ அதுவே அவ்வாண்டின் பெரிய நிகழ்ச்சி. அவன் தனது நேரத்தை அறிந்தாலன்றோ, அடுத்த ஆண்டு அதில் பத்துச் செக்கனைக் குறைக்க முயல்வான்?

ஆகவே மாணவர்களே, வரும் போட்டியில் கடிகாரமோ கைப்பேசியோ உங்கள் கைக்கு வருமாயின், கடைசி வீரன் கோட்டைக் கடக்கும்வரை அதை நிறுத்தாதீர்கள். அவனுடைய நேரத்தையும் முதல்வனுடைய நேரத்தோடு சேர்த்து அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.