பச்சைப் பதாகை போதுமா?

திருவிழாவுக்கு மறுநாள் காலைத் திருப்பலிக்காக ஆலயக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு பங்குத்தந்தையும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. தேர் நிலைக்கு வந்துவிட்டது. கொடி இன்னும் இறங்கவில்லை. முந்தைய இரவு இன்னிசைக் கச்சேரி நடந்த மைதானத்தில் காகிதக் கோப்பைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் அறுந்த தோரணங்களும் மண் தெரியாதபடி பரவிக் கிடக்கின்றன. ஜெனரேட்டர் நின்ற இடத்தில் டீசல் சிந்திய கறை. அந்தக் குப்பைக்கு நடுவே தூய்மைப் பணியாளராகிய இரண்டு பெண்கள் குனிந்து பெருக்கிக் கொண்டிருக்கின்றனர். முந்தைய இரவு மேடையில் பொன்னாடை பெற்றவர்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

இம்முறை நம் பங்கில் இக்காட்சியோடு மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. கச்சேரி மேடைக்குப் பின்னால் இருபதடி நீளத்தில் பச்சை வண்ண ஃப்ளெக்ஸ் பதாகை ஒன்று தொங்கியது. 'பசுமைத் திருவிழா' என்று அதில் எழுதியிருந்தது. கச்சேரியின் இடையே சிறப்பு விருந்தினர்கள் மரக்கன்றுகளை வழங்கினர், புகைப்படமும் எடுத்துக்கொண்டனர். மறுநாள் அக்கன்றுகளுள் பல, பாலித்தீன் பையோடு நாற்காலிகளின் அடியில் வாடிக் கிடந்தன. அதைக் கண்டபோது நமக்குச் சினம் மூண்டது. அந்தச் சினத்தில் பாதி நம் மீதே. அப்பதாகைக்கு ஒப்புதல் அளித்தவர் நாம்தாமே!

பசுமை என்னும் சொல் நம் திருவிழாக்களில் புதியதோர் அலங்காரமாகி வருகிறது. நமக்கு இழப்பு எதுவும் இல்லாதவற்றை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். விட மனமில்லாதவற்றைத் தொடாமல் வைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவே அச்சொல்லைத் திரையாகத் தொங்க விடுகிறோம். இதைத்தான் இக்கட்டுரையில் எதிர்க்கிறோம்.

காகிதக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் கோப்பையை ஒழித்துக் காகிதக் கோப்பைக்கு மாறிவிட்டதாகத் திருவிழாக் குழுவினர் பெருமையோடு அறிவித்தனர். அக்கோப்பையின் உட்புறம் பூசப்பட்டிருப்பதும் பிளாஸ்டிக்தானே! 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழக அரசு தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இருக்கிறது. பிளாஸ்டிக் கொடியும் இருக்கிறது. சட்டம் விலக்கியதை நாம் பசுமை என்று பெயர் சூட்டி வாங்கி வைத்தோம்.

இதைக் குறித்து இளைஞர்களோடு உரையாடியபோது அவர்கள் ஒரு பதில் வைத்திருந்தனர். "ஃபாதர், மேலை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் கூடும் இசை விழாக்களே இப்போது பசுமையாகிவிட்டன. அவர்கள் வழியைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம்" என்றனர். நல்லது, அவ்வழியைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியிலுள்ள பில்டன் என்னும் சிற்றூரில், ஒரு பால்பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில், 1970-ஆம் ஆண்டு தொடங்கியது கிளாஸ்டன்பரி இசை விழா. முதலாண்டில் ஏறத்தாழ 1,500 பேர் கூடிய அவ்விழாவுக்கு இன்று ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வருகின்றனர். 2017-ஆம் ஆண்டு விழாவில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்கள் விற்பனையாயின. 2019-இல் அவற்றின் விற்பனையை விழாவினர் அடியோடு நிறுத்தினர். மக்கள் தத்தம் பாட்டில்களைக் கொண்டுவந்து குழாய்களில் நிரப்பிக்கொண்டனர். இது பாராட்டுக்குரிய செயல். நம் இளைஞர்கள் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான்.

ஆனால் அதே 2019-ஆம் ஆண்டில், அப்பண்ணையின் ஊடே ஓடும் ஒயிட்லேக் என்னும் சிற்றாற்றின் நீரை ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்தனர். அவ்வாய்வு 2021-இல் வெளியாயிற்று. விழாவை ஒட்டிய நாள்களில் அந்நீரில் போதைப்பொருள்களின் எச்சம் மிகுந்திருந்தது. கொக்கேய்னின் அளவு அங்கு வாழும் விலாங்கு மீன்களுக்குத் தீங்கு செய்யக்கூடியதாக இருந்தது. கழிப்பறை இருந்தும் திறந்தவெளியில் சிறுநீர் கழித்தவர்களால் வந்த கேடு இது. பாட்டில் போயிற்று, ஆறு கெட்டது. கண்ணுக்குத் தெரியும் குப்பையை அகற்றிவிட்டால் நிலம் தூய்மையாகிவிட்டது என்று எண்ணுவோருக்கு இது ஒரு பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. பெரும் இசை விழா ஒன்றினால் காற்றில் கலக்கும் கரியில் பெரும்பங்கு மேடையிலிருந்து எழுவதன்று. மக்கள் விழாவுக்கு வந்து திரும்பும் பயணத்திலிருந்து எழுவதே. பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த மாசிவ் அட்டாக் என்னும் இசைக்குழுவினர் இதை உணர்ந்தனர். மான்செஸ்டரிலுள்ள டின்டால் ஆய்வு மையத்தாரிடம் அவர்கள் ஆலோசனை கேட்டனர். 2024 ஆகஸ்டு 25 அன்று தம் நகரின் திறந்தவெளியில் நடத்திய நிகழ்ச்சியில் டீசல் ஜெனரேட்டரை விலக்கி மின்கலங்களால் மேடையை இயக்கினர். கார்களுக்கு நிறுத்துமிடமே ஒதுக்கவில்லை. தொலைவிலிருந்து வந்தோர் திரும்பிச் செல்லக் கூடுதல் இரயில்களுக்கு ஏற்பாடு செய்தனர். உணவும் முழுவதும் தாவர உணவே. கார் நிறுத்துமிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு இருந்தது. நம் திருவிழா அழைப்பிதழில் அப்படி ஒரு வரியை அச்சிட நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு உண்டு?

துணிவு இல்லாதபோது மனிதர் பரிகாரம் தேடுகின்றனர். உலகின் பெரிய கலைநிகழ்ச்சிகள் பல, தாம் எரித்த கரிக்கு ஈடாக வேறெங்கோ மரம் நடப் பணம் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், கரிக்கணக்கை விற்று வாங்கும் இம்முறை அளவுமீறிய நுகர்வைத் தொடர்வதற்கான தந்திரமாகிவிடக்கூடும் என்று எச்சரிக்கிறது. திருச்சபை வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிதன்று. பேறுபலன்கள் காசுக்குக் கைமாறிய காலம் ஒன்று நமக்கும் இருந்தது. அம்முறைகேட்டைத் திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் கண்டித்து ஒழிக்கப் பணித்தது. மனமாற்றம் இல்லாத பரிகாரம் செல்லாது என்பது நம் மறைக்கல்வியின் முதற்பாடங்களுள் ஒன்று. நம் மேடையில் வழங்கிய மரக்கன்று அத்தகைய சீட்டு அன்றி வேறென்ன? இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓடுவதற்கு நாம் பெற்றுக்கொண்ட அனுமதி அது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மணிக்கு 15 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம் என்று கொண்டாலும் 200 கிலோவைத் தாண்டுகிறது. நாற்காலியின் அடியில் வாடிய கன்று அதில் எதை ஈடுசெய்யும்?

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அவ்வளவே. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் சென்னையில் எழுந்த வழக்கு ஒன்றில், ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எச்சமயமும் பணிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் தோற்றது ஒரு கிறிஸ்தவச் சபை என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆமோஸ் இறைவாக்கினரும் நீதியில்லாத வழிபாட்டின் பாடல்களை ஆண்டவர் வெறும் இரைச்சலாகவே கொள்வதாக அறிவித்தவர். மந்தை மேய்த்த அவருக்கு நிலமும் தெரியும், இரைச்சலும் தெரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நாம் எளிதாகத் தள்ளிவிடமாட்டோம். "ஆண்டு முழுதும் உழைத்துக் களைத்த ஏழைக்குக் கிடைப்பது ஒரே ஓர் இரவு. அதையும் பறிக்கவா சூழலியல்? வானூர்தியில் பறக்கும் செல்வரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. செல்வர் ஒருவரின் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் நம் ஊர்க் கச்சேரி சிறிது. ஏழையின் மகிழ்ச்சியைப் பறிப்பது நம் நோக்கமும் அன்று. ஆனால் அந்த ஸ்பீக்கர் பெட்டிகள் யார் வீட்டுத் திண்ணையை ஒட்டி அடுக்கப்படுகின்றன? புகை யார் குடிசைக்குள் நுழைகிறது? குப்பை கரை ஒதுங்கும் கண்மாயில் குளிப்பவர் யார்? மறுநாள் குனிந்து பெருக்குபவர் யார்? ஏழையின் பெயரைச் சொல்லி நடத்தும் இரவுக்கு ஏழையே விலை கொடுக்கிறார். அவர் கேட்டது பாட்டு. நாம் கொடுத்தது பாதி பாட்டு, பாதி நம் பகட்டு.

ஆகவே செய்யத்தக்கவை எவை? மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புப் பெற்று, ஜெனரேட்டரை மின்தடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தலாம். எவர்சில்வர் தம்ளர்களை அன்பியங்கள் வீடுவீடாகத் திரட்டிக் கழுவித் தரலாம்; நம் அசன விருந்துகள் வாழையிலையில் நடந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. பதாகையைத் துணியில் எழுதலாம். கிளைப் பங்கினர் தனித்தனி வண்டிகளில் வராமல் ஒரே பேருந்தில் வரலாம். அருகில் இருப்போர் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தே வரலாம். இவை யாவும் நம் பாட்டிமார் அறிந்தவையே.

எனினும் இவற்றைவிடப் பெரியதொன்றை அந்த இங்கிலாந்துப் பண்ணையிடமிருந்து நாம் கற்கலாம். கிளாஸ்டன்பரி விழா ஆண்டுதோறும் நடப்பதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேய்ச்சல் நிலமும் ஊரும் இளைப்பாற விழாவையே நிறுத்திவைக்கின்றனர். 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் விழா இல்லை. 2026-ஆம் ஆண்டும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. அதனை அவர்கள் தரிசு ஆண்டு என்கின்றனர். உழவர் மரபில் வந்த நமக்குத் தரிசு போடுவதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. லேவியர் நூல் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வைக் கட்டளையாகவே விதிக்கிறது. விவிலியத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் மறந்ததை, நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் ஓர் இசை விழா நினைவில் வைத்திருக்கிறது.

எனவே நம் பங்குப் பேரவையின் முன் ஒரு வேண்டுகோளை வைத்துள்ளோம். வரும் திருவிழாவில் கச்சேரிக்குத் தரிசு விடுவோம். நவநாளும் தேரும் அசனமும் வழக்கம்போல் நடக்கட்டும். கச்சேரி இரவில் மட்டும் மேடை வேண்டாம். நம் பாடகர் குழு ஆர்மோனியமும் தபேலாவும் வைத்துக்கொண்டு ஆலய முற்றத்தில் பாடட்டும். கச்சேரிக்கு ஒதுக்கும் தொகையில் கண்மாயின் கரையைத் துப்புரவாக்கி, பணி செய்வோருக்கு உரிய கூலியைக் கொடுப்போம். வேண்டுகோளுக்கு எதிர்ப்பு மிகுதி. நேர்ச்சை செய்தோர் வருந்துவர் என்கின்றனர். அடுத்த ஊர்க்காரர் நகைப்பர் என்கின்றனர். பேரவை இன்னும் முடிவெடுக்கவில்லை. நாமும் வற்புறுத்தி ஒப்புதல் பெற விரும்பவில்லை. பிற பங்குகளின் இறைமக்களும் தத்தம் பேரவையில் இதனை எழுப்புவார்களாயின், நகைக்க அடுத்த ஊர் எதுவும் இராது.